சனிக்கிழமை ஒரு நாள், மூன்று ஏரிகள்: ஷாங்காயிலிருந்து எந்த ஏரிக்கு ரயில் ஏறுவது?

"வெள்ளிக்கிழமையோட கண்காட்சி வேலை முடியுதுங்க. ஞாயித்துக்கிழமை காலைல ஃப்ளைட்டு. நடுவுல ஒரு நாள் சும்மா இருக்கு. புல்லட் ரயில்ல போய் ஏரி பாத்துட்டு ராத்திரிக்குள்ள வந்துரலாம்னு சொல்றாங்க. எந்த ஏரிங்க? அம்மாவும் கூட வந்திருக்காங்க."

துணி இயந்திரம் பார்க்க வந்த திருப்பூர்க்காரர் ஒருவர் போனில் கேட்டது இது. ஷாங்காயில் குடியிருக்கும் எனக்கு இந்தக் கேள்வி வருஷத்துக்கு நாலைந்து முறை வந்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும் போனில் அரை மணி நேரம் பேசுவதற்குப் பதிலாக ஒரே இடத்தில் எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது.

ஷாங்காயிலிருந்து அதிவேக ரயிலில் போய் அன்றே திரும்பக்கூடிய ஏரிகளில் மூன்றைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். ஹாங்சோ நகரத்து மேற்கு ஏரி, வூஷி நகரத்தை ஒட்டிய தாய் ஏரி, இன்னும் உள்ளே தள்ளி மலைகளுக்கு நடுவே கிடக்கும் ஆயிரம் தீவு ஏரி. சீனத்தில் இவை சீஹு, தாய்ஹு, சியேன்தாவ்ஹு. 'ஹு' என்றால் ஏரி. சூசோ நகரத்தில் இருக்கும் ஜின்ஜி ஏரியையும் சிலர் சொல்வார்கள். அது கண்ணாடிக் கட்டடங்களுக்கும் ஷாப்பிங் மால்களுக்கும் நடுவே இருக்கும் தண்ணீர். அதற்காக ஒரு நாளைச் செலவழிக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

## முதலில் எதை அளப்பது?

பெரும்பாலானவர்கள் ரயில் நேரத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். வூஷிக்கு 45 நிமிடம், ஹாங்சோவுக்கு ஒரு மணி நேரம், அப்படியென்றால் வூஷிதான் பக்கம் என்று. இந்தக் கணக்கு தப்பு. மணிக்கு 300 கிலோமீட்டரில் ஓடும் ரயிலுக்கு நிலையம் கட்ட ஊருக்கு வெளியேதான் பெரும்பாலும் இடம் கிடைக்கிறது. இறங்கிய பிறகு தண்ணீரைக் கண்ணால் பார்க்க எவ்வளவு நேரம் என்பதுதான் ஒரு நாள் பயணத்தை வாழவைக்கும் அல்லது கெடுக்கும். நான் பார்க்கும் விஷயங்கள் இவை:

- ஷாங்காய் நிலையத்திலிருந்து ஏரிக்கரை வரை மொத்தம் எத்தனை மணி நேரம். போக வரக் கழித்தால் கரையில் எவ்வளவு மிஞ்சும்
- ரயில், உள்ளூர் வண்டி, நுழைவு, படகு எல்லாம் சேர்த்த செலவு
- எந்த மாதம், எந்தக் கிழமை
- மழை வந்தால் என்ன ஆகும்
- சைவம் சாப்பிடுபவர்களுக்கு என்ன கிடைக்கும்
- முழங்கால் வலிக்காரர்கள், குழந்தைகள் சமாளிக்க முடியுமா

கணக்குக்கு ஓர் அடிப்படை வைத்துக்கொள்வோம். காலை ஏழரை வாக்கில் ஷாங்காயின் ஹோங்சியாவ் நிலையத்தில் ரயில் ஏறி, இரவு ஒன்பதரைக்குள் அங்கேயே திரும்ப வேண்டும். விலைகள் எல்லாம் ஓர் ஆளுக்கு, இரண்டாம் வகுப்புக்கு, யுவானில். ஒரு யுவானை ஏறக்குறைய 12, 13 ரூபாய் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

## மேற்கு ஏரி, ஹாங்சோ

ஷாங்காய் – ஹாங்சோ அதிவேகத் தடம் 2010 அக்டோபரில் திறந்தது. ஹோங்சியாவிலிருந்து ஹாங்சோ கிழக்கு நிலையம் 159 கிலோமீட்டர். வேகமான வண்டி 45 நிமிடத்தில் போய்விடும், வழியில் நின்று போவது ஒரு மணி நேரம். வண்டிகள் அடிக்கடி உண்டு. ஒரு பக்கக் கட்டணம் முன்பு 73 யுவானாக இருந்தது. 2024 ஜூனிலிருந்து வண்டிக்கு வண்டி மாறுகிறது. 75-இலிருந்து 90-க்குள் என்று வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

கிழக்கு நிலையத்திலேயே மெட்ரோ இருக்கிறது. முதலாம் தடத்தில் ஏறி லோங்சியாங்சியாவ் என்ற நிறுத்தத்தில் இறங்கினால் பத்து நிமிட நடையில் கரை. இங்கே ஒரு சின்னப் பொறி உண்டு. அதே தடத்தில் அதற்கு முன்பே 'மேற்கு ஏரி கலாச்சாரச் சதுக்கம்' என்று ஒரு நிறுத்தம் வரும். மேற்கு ஏரி என்று ஒலிபெருக்கியில் கேட்டதும் வெளியூர்க்காரர்கள் பாதிப்பேர் எழுந்துவிடுவார்கள். எழாதீர்கள். அங்கே இருப்பது பெருங்கால்வாய், ஏரி இல்லை.

இன்னொரு பொறியில் நானே விழுந்திருக்கிறேன். ஹாங்சோவுக்கு ஒரு நிலையம் இல்லை. கிழக்கு, மேற்கு, தெற்கு, அப்புறம் ஊர் நடுவில் வெறுமனே 'ஹாங்சோ' என்று பழைய நிலையம். 2022-இல் மேற்கு நிலையம் திறந்த புதிதில், மேற்கு ஏரிக்கு மேற்கு நிலையம்தானே என்று டிக்கெட் எடுத்துவிட்டேன். இறங்கிப் பார்த்தால் ஏரி ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் தள்ளி. பிரமாதமான புது நிலையம், ஆனால் நான் நிலையம் பார்க்கப் போகவில்லை. டிக்கெட் கிடைத்தால் ஊர் நடு நிலையமே நல்லது, அங்கிருந்து லோங்சியாங்சியாவ் இரண்டே நிறுத்தம். கிடைக்காவிட்டால் கிழக்கு.

ஆக ஹோங்சியாவில் ஏறியதிலிருந்து ஒன்றே முக்கால் மணி நேரத்தில் கரையில் இருப்பீர்கள். கரையில் எட்டு ஒன்பது மணி நேரம் தாராளமாகக் கிடைக்கும். இது பூட்டுகிற பூங்கா இல்லை, ராத்திரி எட்டு மணிக்கும் கரையில் நடக்கலாம். 2002-இலிருந்து கரையோரப் பூங்காக்களுக்கு நுழைவுக் கட்டணமும் கிடையாது.

ஏரி பெரிதில்லை. ஆறரைச் சதுர கிலோமீட்டர்தான். மூன்று பக்கம் மலை, ஒரு பக்கம் ஊர். சராசரி ஆழம் இரண்டு மீட்டர் சொச்சம். இயற்கைக் காட்சி என்று பெயர் வாங்கினாலும் பாதி மனிதக் கைவேலை. 1089-இல் இங்கே ஆட்சியராக வந்த கவிஞர் சூ தோங்போ, பாசியும் களையும் மூடிக்கிடந்த ஏரியைத் தூர்வாரி, வாரிய சேற்றையும் களையையும் கொண்டே ஏரிக்குள் ஒரு கரை போட்டார். சூ கரை என்று இன்றும் அவர் பெயரில் நிற்கிறது. 2.8 கிலோமீட்டர், ஆறு வளைவுப் பாலங்கள். இதற்கு வடக்கே பாய் கரை, இது குட்டி. கவிஞர் பாய் ஜூயி பெயரைச் சுமக்கிறதே தவிர அவர் கட்டிய கரை இதுவல்ல. அதன் முனையில் உடைந்த பாலம். பாலம் உடையவில்லை. பனி பெய்து நடுப்பாகம் முதலில் உருகும்போது தூரத்திலிருந்து பார்த்தால் பாலம் அறுந்ததுபோல் தெரியும், அவ்வளவுதான்.

பையில் ஒரு யுவான் நோட்டு இருந்தால் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தில் தண்ணீரில் நிற்கும் குட்டிக் கல் கோபுரங்கள் இந்த ஏரியில்தான் இருக்கின்றன. மூன்று உண்டு. உள்ளே கூடாக, பக்கங்களில் வட்டத் துளையோடு இருக்கும். நிலாவிழா இரவில் உள்ளே விளக்கேற்றினால் ஒவ்வொரு துளையும் தண்ணீரில் ஒரு நிலாவாக விழும். கரையிலிருந்து பார்த்தால் கடுகு மாதிரிதான் தெரியும். பக்கத்தில் பார்க்கப் படகில் தீவுக்குப் போக வேண்டும், படகுக்கு 55-இலிருந்து 70 யுவான் வரை. இந்த ஏரியில் காசு கொடுத்துச் செய்யவேண்டியது இது ஒன்றுதான் என்பேன்.

தென்கரையில் லெய்ஃபெங் கோபுரம். மனிதனைக் காதலித்த வெள்ளைப் பாம்புப் பெண்ணை ஒரு துறவி இதற்கடியில் சிறைவைத்தார் என்பது கதை. பழைய கோபுரம் 1924 செப்டம்பரில் பொலபொலவென்று சரிந்தது. அதன் செங்கல் வீட்டில் இருந்தால் கெடுதல் அண்டாது என்று மக்கள் ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு போனதும் ஒரு காரணம். இப்போது நிற்பது 2002-இல் கட்டியது, மேலே ஏற எஸ்கலேட்டரும் லிஃப்டும் உண்டு. பழமை விரும்பிகள் இதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் சுளிக்க மாட்டார்கள்.

நேரம் மிஞ்சினால் லிங்யின் கோயில். அதன் எதிரே இருக்கும் குன்றுக்கு 'பறந்து வந்த சிகரம்' என்று பெயர். நான்காம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து வந்த பௌத்தத் துறவி ஒருவர், சீனர்கள் ஹுயிலி என்று அழைப்பவர், இந்தக் குன்றைப் பார்த்துவிட்டு 'இது எங்கள் ஊர் மலையாயிற்றே, இங்கே எப்படிப் பறந்து வந்தது?' என்றாராம். பாறை முழுக்கச் சிற்பங்கள். ஆனால் கோயிலுக்கு அரை நாள் வேண்டும். ஏரியையும் கோயிலையும் ஒரே நாளில் நிதானமாகப் பார்க்க முடியாது, ஒன்றை விட்டுவிடுங்கள்.

இனி குறை. கூட்டம்! மே முதல் வாரம், அக்டோபர் முதல் வாரம் இரண்டும் சீனாவின் நீண்ட விடுமுறைகள். அந்த நாட்களில் உடைந்த பாலத்தில் கல் தெரியாது, தலைதான் தெரியும். சாதாரண சனிக்கிழமையிலும் பத்து மணிக்கு மேல் கரையோரம் திருவிழாத் தெருதான். டாக்ஸி பிடித்தால் நடப்பவர்கள் உங்களை முந்திப் போவார்கள். சாத்தியமானால் வியாழன், வெள்ளியில் போங்கள். முடியாவிட்டால் ஏழு மணிக்கு முந்திய ரயில்.

பருவம் என்று பார்த்தால் மார்ச் கடைசியில் கரையோரம் பீச் பூ, ஏப்ரல் தொடக்கத்தில் மலைச்சரிவில் லோங்ஜிங் தேயிலை முதல் பறிப்பு, ஜூலையில் தாமரை, செப்டம்பர் கடைசியில் ஊரையே தூக்கும் ஒஸ்மாந்தஸ் பூ வாசனை. ஜூன் நடுவிலிருந்து மழைக்காலம். மூன்று ஏரிகளிலும் மழையில் அழகு கூடுவது இது ஒன்றுதான். மலை ஒன்றன்பின் ஒன்றாக மை கரைத்ததுபோல் மங்கிக்கொண்டே போகும். குடையோடு நின்று பார்க்கலாம்.

சைவர்களுக்கும் இங்கேதான் வழி சுலபம். புத்தக் கோயில்கள் உள்ள ஊர் என்பதால் சைவ உணவகங்கள் தேடினால் அகப்படும். "வோ ச்சி சூ" என்றால் 'நான் சைவம் சாப்பிடுகிறவன்' என்று அர்த்தம். ஆனால் சாதாரணக் கடையில் காய் நூடுல்ஸ் என்று கேட்டு வாங்கினாலும் குழம்பின் அடியில் பன்றி எலும்புச் சாறு இருக்க வாய்ப்பு அதிகம். அசைவம் சாப்பிடுகிறவர்கள் தோங்போ பன்றிக்கறியை ஒரு துண்டாவது ருசிபாருங்கள். வினிகர் மீன் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அந்த ஊர்க்காரர்களே அதைக் கிண்டலடிக்கிறார்கள்.

## தாய் ஏரி, வூஷி

ரயில் கட்டணம் இங்கே குறைவு, ஒரு பக்கம் 50-இலிருந்து 60 யுவான். நேரமும் 40 முதல் 50 நிமிடம்தான். ஷாங்காய் நிலையம், ஹோங்சியாவ் இரண்டிலிருந்தும் வண்டி உண்டு. ஊர் நடுவில் தங்கியிருப்பவர்களுக்கு ஷாங்காய் நிலையம் வசதி, ஹோங்சியாவ் வரை மெட்ரோவில் போகும் நேரம் மிச்சம். இறங்க வேண்டியது 'வூஷி' என்று மட்டும் பெயர் போட்ட நிலையத்தில். வூஷி கிழக்கு என்று பெய்ஜிங் தடத்தில் ஒன்று இருக்கிறது, அது ஏரிக்கு நேர் எதிர்த்திசை.

இதுவரை எல்லாம் சரி. ஆனால் ஏரியின் பிரபலமான இடம் ஆமைத்தலைத் தீவு, சீனத்தில் யுவான்தோஜு, நிலையத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டருக்கு மேல். பெயர்தான் தீவு, உண்மையில் ஏரிக்குள் தலை நீட்டும் நிலமுனை. பஸ்ஸில் ஒரு மணி நேரம், டாக்ஸியில் நாற்பது நிமிடம். ரயிலில் மிச்சம்பிடித்த நேரத்தை இங்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறீர்கள். உள்ளே போனால் 90 யுவான் நுழைவு, எதிரே இருக்கும் சின்னத் தீவுக்குப் படகும் அதிலேயே அடக்கம். ரயிலில் மிச்சம்பிடித்த காசும் போயிற்று!

பிறகு ஏன் போக வேண்டும்? ஒரு காரணம் அளவு. இரண்டாயிரத்துச் சொச்சம் சதுர கிலோமீட்டர், சீனாவின் மூன்றாவது பெரிய நன்னீர் ஏரி. முனையில் நின்று பார்த்தால் எதிர்க்கரை கிடையாது, கடல் மாதிரி வானத்தில் போய் முட்டும். மேற்கு ஏரி கண்ணுக்குள் அடங்கிவிடும், இது அடங்காது. அலையும் உண்டு, காற்றும் உண்டு.

இரண்டாவது காரணம் செர்ரிப்பூ. 1980-களில் ஜப்பானிய நண்பர்கள் வந்து நட்டுவைத்த மரங்களில் தொடங்கி இன்று ஆயிரக்கணக்கான மரங்கள். மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் முதல் வாரம் வரை பூக்கும். அந்த மூன்று வாரத்தில் ஒரு சாதாரணக் கிழமை காலை எட்டரைக்கு உள்ளே நுழைய முடிந்தால், மேற்கு ஏரியை மறந்துவிட்டு இங்கே வாருங்கள். அதே மூன்று வாரத்தின் சனி ஞாயிறு என்றால் வரவே வராதீர்கள். பூவைவிடப் போட்டோ எடுப்பவர்கள் அதிகம்.

கோடையில் வேறு பிரச்சினை. ஏரி ஆழமில்லாதது, சுற்றிலும் ஆலைகளும் வயல்களும். வெயில் ஏறினால் நீலப்பச்சைப் பாசி கிளம்பிவிடும். 2007 மே கடைசியில் பாசி அழுகி, வூஷி நகரத்தின் குழாய்த் தண்ணீரே நாறிப்போய், மக்கள் பாட்டில் தண்ணீருக்குக் கடைகளில் முண்டியடித்தார்கள். அதற்குப் பிறகு நிறையச் செலவழித்துச் சுத்தம் செய்திருக்கிறார்கள், நிலைமை எவ்வளவோ தேவலை. ஆனாலும் ஜூலை, ஆகஸ்டில் காற்று கரைப்பக்கம் வீசினால் ஓரத்தில் பச்சை பெயின்ட் கொட்டியது மாதிரி ஒதுங்கும். மூக்குக்கும் தெரியும். மழை நாளில் இன்னும் மோசம். எதிர்க்கரை இல்லாத ஏரியில் மேகமும் இறங்கிவிட்டால் சாம்பல் நிறத் திரை ஒன்றைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள்.

சாப்பாட்டில் வூஷி இனிப்பு ஊர். விலா எலும்புக்கறி, ஆவியில் வேகவைத்த கறிக்கொழுக்கட்டை எல்லாவற்றிலும் சர்க்கரை. சைவர்கள் ஒன்றில் ஜாக்கிரதை. இங்கே மியன்ஜின் என்று பொன்னிறத்தில் உப்பிய உருண்டை விற்பார்கள். கோதுமை மாவைக் கழுவிக் கழுவி ஸ்டார்ச்சை எடுத்துவிட்டு, மிஞ்சிய பசையை எண்ணெயில் பொரித்தது. பார்க்கப் பெரிய பூரி மாதிரி இருக்கும். வெறும் உருண்டை சுத்த சைவம். உணவகத்தில் தட்டில் வருவது பெரும்பாலும் உள்ளே பன்றிக் கொத்துக்கறி அடைத்தது. என் நண்பர் ஒருவர் முதல் கடியில் நிறுத்தியவர், அதற்கப்புறம் ஷாங்காய் திரும்பும்வரை வாழைப்பழம்தான் சாப்பிட்டார்.

நடை கொஞ்சம் அதிகம், மேடு பள்ளமும் உண்டு. உள்ளே சுற்றுவண்டி இருப்பதால் பெரியவர்கள் சமாளிக்கலாம்.

## ஆயிரம் தீவு ஏரி

மூன்றில் அழகானது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஒரு நாளில் போய்வர எது என்று கேட்டால் இதைச் சொல்லத் தயங்குவேன்.

இது ஏரியே இல்லை, அணைக்கட்டு நீர்த்தேக்கம். சின்ஆன் ஆற்றின் குறுக்கே நீர்மின் நிலையம் கட்டி 1959-இல் தண்ணீர் தேக்கினார்கள். பள்ளத்தாக்கு நிறைந்து, குன்றுகளின் உச்சி மட்டும் வெளியே நின்றது. அப்படி நின்றவற்றை எண்ணியதில் 1,078 தீவுகள். பரப்பு 570 சதுர கிலோமீட்டருக்கு மேல். கிட்டத்தட்ட மூன்று லட்சம் பேர் ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டிவந்தது. ஷிச்செங், ஹெச்செங் என்ற இரண்டு பழைய நகரங்கள் கோட்டைச் சுவரோடும் கல் வளைவுகளோடும் அப்படியே அடியில் போயின. 2001-இல் முக்குளிப்பவர்கள் இறங்கிப் பார்த்தபோது கல் சிற்பங்கள் பெரிதாகச் சிதையாமல் இருந்தன. இதைக் கேட்டுவிட்டு 'அந்த ஊரைப் பார்க்கலாமா?' என்று எல்லோரும் ஆவலாகக் கேட்கிறார்கள். பார்க்க முடியாது. மேலே படகில் போகலாம், கீழே இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளலாம்.

தண்ணீர் அவ்வளவு தெளிவு. சீனா முழுக்க விற்கும் நோங்ஃபூ பாட்டில் தண்ணீரின் தொடக்கம் இந்த ஏரிதான்.

ஹாங்சோ – ஹுவாங்ஷான் அதிவேகத் தடம் 2018 டிசம்பரில் திறந்த பிறகுதான் இது 'ஒரு நாளில் போய்வரலாம்' பட்டியலில் சேர்ந்தது. ஷாங்காயிலிருந்து இரண்டு முதல் இரண்டரை மணி நேரம், ஒரு பக்கம் சுமார் 150 யுவான். நேர் வண்டிகள் குறைவு, நல்ல நேரத்து வண்டிகள் முதலில் தீர்ந்துவிடும். நிலையத்துக்கு ஏரியின் பெயரை வைத்திருக்கிறார்களே தவிர அது இருப்பது வேறொரு சிற்றூரில். அங்கிருந்து ஏரியூருக்கு பஸ்ஸில் முக்கால் மணி, படகுத்துறை போய் டிக்கெட் வாங்கி வரிசையில் நின்று ஏறும்போது மணி பதினொன்றரை.

மையப் பகுதிச் சுற்றுப்படகு மூன்று நாலு தீவுகளில் நிறுத்தும். மொத்தம் நாலு மணி நேரத்துக்குக் குறையாது. நுழைவும் படகும் சேர்த்து 200 யுவானை ஒட்டி வரும். மெய்ஃபெங் தீவின் உச்சிக்கு ஏறிப் பார்ப்பதுதான் இதில் முக்கியம். படத்தில் நீங்கள் பார்த்த பச்சைத் திட்டுகள் சிதறிக்கிடக்கும் காட்சி அங்கிருந்துதான் தெரியும். மற்றத் தீவுகளில் ஓரிரண்டைத் தூக்கிவிட்டால் எனக்கு வருத்தமில்லை. கரைக்குத் திரும்பும்போது நாலு மணி. உடனே பஸ், ரயில், ராத்திரி எட்டரை ஒன்பதுக்கு ஷாங்காய். எட்டரை மணி நேரப் பயணத்துக்கு நாலரை மணி நேர ஏரி. காலையில் ஒரு பஸ்ஸைத் தவறவிட்டால் அதுவும் சுருங்கும்.

படகில் நேரத்துக்குக் கட்டுப்பட்டுத்தான் எல்லாம். கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு நான் சொல்லமாட்டேன். சாப்பாடு என்றால் பெரிய கெண்டை மீனின் தலையை அப்படியே வெள்ளைச் சூப்பில் போட்டுக் கொடுப்பது, நாலு பேர் சேர்ந்துதான் வாங்க முடியும். சைவர்கள் பையில் ஏதாவது கட்டிக்கொண்டு போவது நல்லது.

ஒரு ராத்திரி தங்க முடிந்தால் எல்லாம் தலைகீழ். முதல் நாள் மாலை போய்ச் சேர்ந்து, மறுநாள் முதல் படகில் ஏறினால் மேற்கு ஏரியும் தாய் ஏரியும் பக்கத்தில் வர முடியாது. ஹாங்சோவில் ஏற்கெனவே தங்கியிருப்பவர்களுக்கும் இது சாத்தியம்தான், அங்கிருந்து ரயில் ஒரு மணி நேரத்தை ஒட்டித்தான்.

## பக்கம் பக்கமாக

| | மேற்கு ஏரி | தாய் ஏரி | ஆயிரம் தீவு ஏரி |
|---|---|---|---|
| ரயில், ஒரு பக்கம் | 45–60 நிமிடம் | 40–50 நிமிடம் | 2–2½ மணி |
| நிலையம் முதல் கரை வரை | மெட்ரோ, நடை: 40 நிமிடம் | டாக்ஸி 40 நிமிடம், பஸ் 1 மணி | பஸ், வரிசை: 1 மணிக்கு மேல் |
| கரையில் மிஞ்சும் நேரம் | 8–9 மணி | 7 மணி | 4½ மணி |
| ரயில், போக வர | 150–180 யுவான் | 100–120 யுவான் | சுமார் 300 யுவான் |
| நுழைவும் படகும் | இலவசம். படகு 55–70 | சுமார் 90 | சுமார் 200 |
| சாப்பாடு சேர்த்து மொத்தம் | 280–320 | 270–330 | 600 |
| நல்ல மாதங்கள் | மார்ச் கடைசி–ஏப்ரல், அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் | மார்ச் கடைசி | மே, அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் |
| மழை பெய்தால் | போகலாம் | வேண்டாம் | வேண்டாம் |
| சைவம் | பரவாயில்லை | கஷ்டம் | கட்டிக்கொண்டு போங்கள் |

மொத்தச் செலவில் முதல் இரண்டும் ஒன்றாகவே வருவதைக் கவனியுங்கள். மலிவு ரயிலை நம்பி வூஷி போனால் மிச்சம் என்று ஒன்றும் வராது.

## கணக்கில் வராத செலவுகள்

பாஸ்போர்ட்தான் டிக்கெட். காகித டிக்கெட் கிடையாது. 12306 ரயில்வே செயலியில் பாஸ்போர்ட் எண் கொடுத்து முன்பதிவு செய்ய வேண்டும், பதினைந்து நாள் முன்பே திறக்கும். நிலையத்தில் உள்ளூர்க்காரர்கள் அடையாள அட்டையைத் தானியங்கிக் கதவில் தட்டிவிட்டு ஓடுவார்கள். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்காரர்கள் பெரும்பாலும் ஓரத்தில் ஆள் நிற்கும் வழியில் போக வேண்டும். ரயில் கிளம்பச் சில நிமிடம் முன்பே நுழைவு வாசலை மூடிவிடுவார்கள், ரயில் கண்ணுக்கெதிரே நின்றாலும் விடமாட்டார்கள். ஹோங்சியாவ் பெரிய நிலையம், 45 நிமிடம் முன்னதாக இருங்கள்.

திட்டம் மாறினால் டிக்கெட்டை ரத்து செய்வதற்குப் பிடித்தம் உண்டு. எட்டு நாளுக்கு முன் என்றால் ஒன்றுமில்லை, 48 மணி நேரத்துக்கு முன் 5 சதவீதம், 24 முதல் 48 மணி நேரத்துக்குள் 10, கடைசி 24 மணி நேரத்தில் 20. ரயிலைத் தவறவிட்டால் பதறாதீர்கள், அன்றைக்கே வேறு வண்டியில் இடம் இருந்தால் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஞாயிறு மாலை ஹாங்சோவிலிருந்து ஷாங்காய் வரும் வண்டிகளில் இடம் இருக்காது. நின்றுகொண்டு வரும் டிக்கெட் கிடைக்கலாம், அதற்கும் உட்காரும் விலைதான்.

போனில் பணம் செலுத்த அலிபே, வீசாட் இரண்டிலும் வெளிநாட்டு அட்டையை இணைக்கலாம். ஒரே தடவையில் 200 யுவானுக்கு மேல் போனால் 3 சதவீதம் கூடுதலாக வெட்டுவார்கள். நாலு பேர் டிக்கெட்டைச் சேர்த்து வாங்காமல் தனித்தனியாக வாங்கினால் தப்பிக்கலாம்.

விசாவும் ஒரு விஷயம். சிங்கப்பூர், மலேசியப் பாஸ்போர்ட்காரர்கள் 30 நாள்வரை விசா இல்லாமல் வரலாம், அவர்களுக்கு இது நினைத்தால் கிளம்பும் பயணம். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும்.

## யாருக்கு எது

முதல்முறை சீனா வருகிறவர், ஒரே ஒரு நாள், கூடப் பெரியவர்கள் அல்லது சைவம் சாப்பிடுபவர்கள்: மேற்கு ஏரி, யோசிக்கவே வேண்டாம். மழை அறிவிப்பு இருந்தாலும் இதுதான்.

மார்ச் கடைசியில் ஒரு வேலைநாள் கையில் இருக்கிறது, அல்லது மேற்கு ஏரியை முன்பே பார்த்தாயிற்று, பரந்த தண்ணீர் வேண்டும்: தாய் ஏரி. ஜூன் முதல் செப்டம்பர்வரை இதை விட்டுவிடுங்கள்.

ஆயிரம் தீவு ஏரி, கூட்டம் பிடிக்காதவர்களுக்கும் அதிகாலையில் எழத் தயங்காதவர்களுக்கும். வானிலை அறிவிப்பில் வெயில் என்று போட்டிருந்தால் மட்டும் முந்திய நாள் டிக்கெட் எடுங்கள்.

திருப்பூர்க்காரருக்கு நான் சொன்னது ஹாங்சோ. ஆறு ஐம்பது ரயில், ஊர் நடு நிலையம். சாயங்காலம் கூப்பிட்டார். அம்மா எஸ்கலேட்டரில் ஏறிக் கோபுரத்தின் மேலேயிருந்து ஏரியைப் பார்த்தாராம். தண்ணீரென்றால் பயம் என்று படகு மட்டும் வேண்டாம் என்றுவிட்டாராம். ஏழு மணி ரயிலை எட்டரைக்கு மாற்ற முடியுமா, அம்மா இன்னும் கொஞ்ச நேரம் கரையில் உட்காரணும் என்கிறார், செயலியில் எந்தப் பொத்தான் என்று கேட்டார். எட்டரை நிறைந்திருந்தது. எட்டு ஐம்பத்திரண்டில் இரண்டு இடம் இருந்தது.